தரைகள் சந்திக்கும் இடம்

பழைய வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு கிருகஸ்தனுடைய மனத்தில் உதித்து, ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையோ, மகள் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைச் சீர்செய்துவிட வேண்டும் என்ற அவசரமோ, வெளிதேசத்திலிருந்து மகன் அனுப்பும் பணமோ அந்த ஆசைக்குத் துணை சேருமானால், அவர் முதன்முதலாகச் செய்யும் காரியம் குடும்ப சமேதராக டைல்ஸ் கடைக்குப் போவதுதான். அங்கே பகலையும் மிஞ்சிய விளக்கு வெளிச்சத்தில், இத்தாலியப் பளிங்கின் சாயலும் பர்மாத் தேக்கின் சாயலும் அச்சிட்ட பெரிய பலகைகள் சுவரோரம் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னே ஒரு முழுநாள் விவாதம் நடந்து, ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு மரம்போல் தோன்றும் மற்றொன்று, சமையலறைக்கு வழுக்காத வேறொன்று என்று தீர்மானமாகி, முன்பணமும் கொடுத்தாகிவிடும். இத்தனை விசாரத்துக்கு நடுவே, ஹாலின் தரை முடிந்து படுக்கையறையின் தரை தொடங்குகிற அந்த இரண்டு அங்குல இடத்தில் என்ன நிகழப் போகிறது என்ற கேள்வியைக் கணவர் கேட்பதில்லை; மனைவி கேட்பதில்லை; கடைக்காரர் ஞாபகப்படுத்துவதும் இல்லை.

வீட்டைப் புதுப்பிப்பதில் நம்மவர்கள் செய்யும் செலவில் பெரும்பகுதி தரையின் நடுவுக்கும், பிற்பாடு அவர்கள் அனுபவிக்கும் கஷ்டத்தில் பெரும்பகுதி தரையின் ஓரத்துக்கும் உரியவை என்பது என் அபிப்பிராயம். நிலைக்காலடியில் பிசிறு பிசிறாக நிற்கும் வெட்டுத் துண்டு, கால்விரலை இடிக்கும் அரை அங்குல மேடு, குளியலறையிலிருந்து கசிந்து வெளிச்சுவரின் வர்ணத்தை உரிக்கும் ஈரம், கதவு உரசி உரசித் தரையில் இழுத்த அரைவட்டக் கீறல் ஆகிய யாவும் ஓரத்தில் பிறப்பவை. இவற்றைக் கொத்தனாரின் அலட்சியம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்வது சுலபம். நான் அறிந்தவரையில் அந்தக் குற்றச்சாட்டு பாதிக்குமேல் அநியாயமானது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம்முடைய பழைய வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம் இருந்ததில்லை. அதற்குக் காரணம், அக்காலத்து நிலைக்கு நான்கு சட்டங்கள் இருந்தன. இரண்டு கால்களும் மேற்சட்டமும் போக, தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் எழும்பி நிற்கும் அடிச்சட்டம் ஒன்றும் இருந்தது; வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, அதன்மேல் உட்காரக் கூடாது, அதை மிதிக்கக் கூடாது, அதற்கு அப்பாலும் இப்பாலும் நின்று ஒரு பொருளைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்றெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் விதித்துவைத்தார்கள். வீட்டுக்குள்ளும் அன்று, வெளியிலும் அன்று என்று சொல்லத்தக்க இடமாக நரசிம்மர் தேர்ந்தெடுத்ததும் வாசற்படியைத்தான். பக்தியின் கணக்கு எதுவாக இருந்தாலும், கட்டட வேலையின் கணக்கில் அந்த அடிச்சட்டம் செய்த உபகாரம் பெரிது. கூடத்துத் தரை ஒரு மட்டத்திலும் அறைத் தரை வேறொரு மட்டத்திலும் இருந்தாலும், ஒன்று செங்கல் பாவியதாகவும் மற்றொன்று சுண்ணாம்புச் சாந்து இழைத்ததாகவும் இருந்தாலும், இரண்டும் சட்டத்தின் இருபுறத்திலும் வந்து முட்டி மரியாதையாக நின்றுவிடும். எல்லையைக் காட்டும் பொறுப்பையும் மறைக்கும் பொறுப்பையும் சட்டமே ஏற்றுக்கொள்ளும். மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்ற சம்பிரதாயத்தினால், அந்த வீட்டில் பிறந்த குழந்தையின் கால் நடக்கக் கற்ற நாள்முதல் அவ்விடத்தில் தானாகவே உயரப் பழகிவிட்டது. இன்றைய அறைக் கதவுகளின் நிலைக்கு மூன்றே சட்டங்கள். அடிச்சட்டம் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சக்கர நாற்காலியும் நடைவண்டியும் போய்வர வேண்டிய வீட்டில் அது ஒரு தடைதான். ஆனால் அது செய்துவந்த வேலையை வேறு எதனிடமும் ஒப்படைக்காமலே அதை அகற்றிவிட்டோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓரத்தைப் பற்றிய அறிவு நம் தொழிலாளர்களுக்கு இல்லாமற் போயிருந்தது என்று யாரும் நினைக்க இடமில்லை. காவித் தரையைப் பாருங்கள். சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடு கலந்து, ஈரம் முற்றும் வற்றுவதற்குள் கரண்டியால் இழைத்து இழைத்து மெருகேற்றி, நாட்கணக்கில் தண்ணீர் விட்டுப் பதப்படுத்திய அத்தரையில், சுவரும் தரையும் சேரும் மூலையை வேலை தெரிந்த கொத்தனார் கூர்மையாக விட்டுவைக்க மாட்டார். அதே சாந்தை மெல்ல வளைத்துச் சுவர்மேல் அரைச் சாண் ஏற்றி, ஒரு கறுப்புக் கரை போட்டு முடிப்பார். விளக்குமாறு அந்த வளைவில் எங்கும் தடைப்படாது. அழுக்கு தங்குவதற்கு அங்கே மூலையே இராது. பிற்பாடு வந்த மொசைக் தரையில், சலவைக்கல் சில்லுகள் கலந்த சாந்தைக் கொட்டுவதற்கு முன்னால், மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் செங்குத்தாக நட்டு அறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொண்டார்கள். வெறும் அலங்காரம் என்று பலர் எண்ணிய அந்தப் பட்டைகள், சிமெண்டு இறுகும்போது ஏற்படும் சுருக்கத்தின் வெடிப்பு கோணல்மாணலாக ஓடாமல் தம்மிடமே வந்து அடங்கும்படி செய்தன. ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்குவதற்கும் அவையே வரம்பாயின. சிவகங்கைச் சீமையில் காரைக்குடிக்கு அருகேயுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமலே தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்கிறார்களே, அந்தக் கற்களிலும் நடுத்தரைக்கு ஒரு சித்திரம், ஓரத்துக்கு வேறொரு சித்திரம் என்று தனித்தனியாக வார்க்கும் வழக்கம் உண்டு. செட்டிநாட்டு வீட்டுக்காரர் கல் வாங்கப் போகும்போதே, கரைக்கல் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும்.

இப்போது நம் வீடுகளில் பாவப்படும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்திலுள்ள மோர்பி வட்டாரத்திலிருந்து லாரிகளில் வருகின்றன. விட்ரிஃபைடு எனப்படும் வகை, மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் செய்யப்படுவதால், தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குமேல் தண்ணீரை உறிஞ்சாது. கறை பிடிக்காது, தேயாது என்பவை அதன் மெய்யான குணங்கள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உறிஞ்சாத அந்த குணமே, சிமெண்டுப் பாலைத் தெளித்துக் கல்லை வைத்துத் தட்டும் பழைய முறைக்குச் சத்துருவாகிறது. சிமெண்டுப் பால் பற்றிக்கொள்ள அதன் முதுகில் துளை இல்லை. ஆகையால்தான் அதற்கென்று தனிப் பசைகள் வந்தன. டைலின் கனமோ எட்டு முதல் பத்து மில்லிமீட்டர். கிரானைட் பலகை ஏறத்தாழ முக்கால் அங்குலம். ஆத்தங்குடிக் கல்லும் அவ்வளவே. படுக்கையறையில் மிதக்கும் முறையில் போடும் மரப் பலகைத் தரை, அடியிலுள்ள மெத்தைத் தாளையும் சேர்த்து, இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஒரே வீட்டில் இவை மூன்றும் இடம்பெறுமானால், மேற்பரப்பு ஒரே மட்டத்தில் அமைய வேண்டும் என்ற கணக்கை அடிச்சாந்து போடும் முன்பே போட்டாக வேண்டும். டைலைப் பதித்த பிறகு அந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு உளியும் சுத்தியலும்தான் கதி.

கணக்கை மேலும் சிக்கலாக்குவது, பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே புதிய டைலை ஒட்டிவிடும் வழக்கம். உடைப்பதில் புழுதியும் இரைச்சலும் செலவும் இருப்பதால், அந்த முறையை நான் முற்றாகக் கண்டிக்க மாட்டேன். பழைய தரை கெட்டியாக இருந்து, தட்டிப் பார்த்தால் டொக்கு ஒலி கேட்காமலும் இருந்தால், தக்க பசையைக் கொண்டு அப்படிச் செய்யலாம். சென்னை போன்ற இடங்களில் இதற்கு வேறொரு நியாயமும் சொல்வார்கள். தெருவில் பழைய தாரின்மேல் புதிய தாராகப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வாசலுக்குள் எட்டிப் பார்க்கிறது. ஆகையால் வீட்டுத் தரையையும் ஏற்றினாலொழிய வழியில்லை என்பார்கள். பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். அந்த விவேகம் தெருவுக்குத் தேவைப்படும் அளவு வீட்டுக்குள்ளும் தேவைப்படுகிறது. பழைய தரையின்மேல் பசையும் டைலுமாக ஏறும் உயரம் அரை அங்குலத்துக்கு மேல். சாந்து போட்டுப் பாவினால் இரண்டு அங்குலத்தை நெருங்கும். இந்த உயரத்துக்கு விலை கொடுப்பவை எவையெவை என்று எண்ணிப் பார்த்தால், எல்லாம் ஓரத்தில் இருப்பவையே: கதவின் அடி, நிலைக்காலின் பாதம், பால்கனியின் வாசல், சமையல் மேடையின் அடித்தட்டு, மாடிப்படியின் முதற் படி.

மாடிப்படியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடியிருக்கும் வீடுகளில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வரம்பு. ஆனால் படியேறுகிறவனின் காலுக்கு உயரத்தைவிட முக்கியமானது, எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு மூன்று படிகளை ஏறியதும் உடம்பு அந்த அளவை மனப்பாடம் செய்துகொண்டு, அப்புறம் கண்ணின் உதவியைக் கேட்பதில்லை. கீழ்த்தளத் தரையை ஓரங்குலம் ஏற்றிவிட்டுப் படிகளை அப்படியே விட்டால், முதற் படி ஓரங்குலம் குட்டையாகிறது. மாடித் தரையையும் ஏற்றினால் கடைசிப் படி அதே அளவு நெட்டையாகிறது. இறங்கிவரும் வயோதிகர் கடைசி அடியை எடுத்து வைக்கையில், தரை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து காலைத் தாக்கும். உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்காவில் உடற்குறை உள்ளவர்களின் சௌகரியத்துக்காக 2010-இல் வகுத்த தரநிலைகள், தரையில் கால் அங்குலம் வரையுள்ள மேட்டை மட்டுமே செங்குத்தாக இருக்க அனுமதிக்கின்றன. அதற்கு மேல் அரை அங்குலம் வரையில் சரித்துவிட வேண்டும். அதையும் தாண்டினால் முறையான சாய்தளமே அமைக்க வேண்டும். ஓய்வுக் காலத்தை நிம்மதியாகக் கழிப்பதற்காக வீட்டைப் புதுப்பிக்கும் நம் கிருகஸ்தர்கள், அறைக்கு அறை முக்கால் அங்குல மேடுகளைத் தம் கைக்காசைக் கொடுத்து உண்டாக்கிக் கொள்கிறார்கள். இரண்டு அங்குல அடிச்சட்டமாவது கண்ணுக்குத் தெரிந்தது. முக்கால் அங்குலம் தெரிவதில்லை.

மேடு வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது குளியலறை. அங்கே தரை, வெளித் தரையைவிட ஓரங்குலமாவது தாழ்ந்திருந்து, வாசலில் ஒரு கிரானைட் பட்டை குறுக்கே நிற்க வேண்டும் என்பது நம் ஊர்க் கொத்தனார்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அந்தப் பட்டையை எப்போது வைப்பது, எதன்மேல் வைப்பது என்பதில்தான் வேலை கெடுகிறது. டைல் தண்ணீரைத் தடுக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். டைல் தடுக்கும், டைலுக்கும் டைலுக்கும் இடையிலுள்ள இணைப்புத் தடுக்காது. தண்ணீரை மெய்யாகவே தடுப்பது டைலுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு நான்கு சுவர்களிலும் மடங்கி ஏறுவது மாத்திரம் போதாது. வாசலில் கிரானைட் பட்டையின் அடியிலும் புகுந்து அதன் வெளியோரம் வரை போக வேண்டும். நடைமுறையிலோ, பூச்சுக்காரர் வாசலோடு தம் தூரிகையை நிறுத்திவிட்டுப் போக, மறுநாள் வருகிற டைல்ஸ் மேஸ்திரி பூச்சில்லாத வெறும் சாந்தின்மேல் பட்டையை வைத்துவிடுகிறார். தண்ணீர் மேலே தாண்டாமல் கீழே நடந்து, வெளியறையின் டைலுக்கு அடியில் போய்ச் சேர்கிறது. மரநிலையாக இருந்தால் அதன் பாதத்தைக் குடிக்கிறது. ஈரம் கண்ட மரத்தைத் தேடிக் கறையான் வருகிறது. வாயிற்பட்டை வைத்த பிறகு, வடிகாலை அடைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரைத் தேக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் மேல்வேலைக்குப் போவது சிக்கனம். நாள் போகிறதே என்று முணுமுணுக்கும் ஒப்பந்தக்காரரிடம், வீட்டுக்காரர் இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது பிடிவாதக்காரராக இருக்கலாம்.

இனி, சந்திப்பில் இடைவெளி விடுவதைப் பற்றி. டைலும் டைலும் மயிரிழை தெரியாமல் ஒட்டியிருப்பதுதான் நல்ல வேலைக்கு லட்சணம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. இதைப்போல் தரைக்குக் கேடு செய்த எண்ணம் வேறொன்று இல்லை. தரை அசையாப் பொருளன்று. இருபதடி நீளமுள்ள டைல் தளம் இருபது டிகிரி சூடேறினால், அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. கீழேயுள்ள கான்கிரீட்டோ கட்டிய பின்னும் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. நீள விரும்புகிற ஒன்றுக்குச் சுவரோரத்தில் நீள இடம் கொடுக்காவிட்டால், வெயில் ஏறிய ஒரு மத்தியானத்தில் வெடிச்சத்தம்போல் ஒன்று கேட்டு, இரண்டு டைல்கள் முனையோடு முனை முட்டி மேலே எழும்பி நிற்கும். வெயிலோ ஈரமோ படாத உள்ளறையில் 20 முதல் 25 அடிக்கு ஓர் இடமும், வெயில் விழும் இடத்தில் 8 முதல் 12 அடிக்கு ஓர் இடமும் அசைவுக்காக விடவேண்டும் என்று வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கைந்நூல் சொல்கிறது. நம் வீட்டு அறைகள் அவ்வளவு நீளமல்ல என்று சமாதானம் சொல்ல வேண்டாம். ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் சமையலறையையும் ஒரே வெளியாக்கி, ஒரே டைலை வாசலிலிருந்து கொல்லைவரை ஓட்டுவது இப்போதைய நாகரிகம். சுவரோரத்தில் கால் அங்குலம் விட்டு, ஸ்கர்ட்டிங்கை அதன்மேல் இறக்கி மறைத்துவிட்டால், அந்த இடைவெளி யார் கண்ணையும் உறுத்தாது; ஸ்கர்ட்டிங் என்ற ஒன்று ஏற்பட்டதன் முக்கியப் பிரயோஜனங்களில் இதுவும் ஒன்று. அதுபோலவே, குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலையை, விறைத்து இறுகும் சிமெண்டுக் கலவையால் அடைக்காமல், ரப்பர்போல் இழுபடும் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். சுவர் ஒரு திசையிலும் தரை ஒரு திசையிலும் அசைகிற இடத்தில் விறைத்தது எதுவும் நிலைக்காது.

மரப் பலகைத் தரைக்கு இந்த நியாயம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். கடற்கரை ஊர்களின் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து அது மழைக்காலத்தில் அகன்று, குளிர்சாதனம் ஓடும் கோடையில் ஒடுங்குகிறது. ஆகவே அதைச் சுற்றிலும் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் இடம் விடுவார்கள். டைல் தரையை அது சந்திக்கும் வாசலில் அந்த இடைவெளியை மூடுவதற்கு ஏற்பட்டது டி-பட்டி. அதன் தண்டு கீழ்த்தளத்தில் பிடித்திருக்க, இரு சிறகுகளும் இரு தரைகளின்மேலும் சும்மா படிந்திருக்க வேண்டும். பட்டி ஆடுகிறதே என்று மரத்தின் பக்கமும் ஆணியடித்து இறுக்கிவிடும் தச்சர், தாம் ஓர் உபகாரம் செய்ததாக எண்ணிக்கொண்டு, அடுத்த ஐப்பசியில் நடு அறையில் பலகை புடைப்பதற்கு விதை போட்டுவிட்டுப் போகிறார். பட்டியின் ஸ்தானம் மூடிய கதவின் நேர் அடியில் இருக்க வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. அப்போதுதான் கதவைச் சாத்தியதும் ஒவ்வோர் அறையும் தன் தரையை மட்டும் காட்டும். இதைக் காகிதத்தில் குறிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். மேஸ்திரிக்கு நிலைக்காலின் எந்த ஓரம் கணக்கு என்று யாரும் சொல்லாததால், பத்து வீடுகளுக்குப் போனால் பாதிக்குப் பாதி வீடுகளில் அடுத்த அறையின் டைல் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

டைலின் வெட்டிய விளிம்பை என்ன செய்வது என்பது ஐரோப்பியர்களையும் வெகுகாலம் தொந்தரவு செய்த பிரச்னைதான். ஜெர்மனியில் டைல் பதிக்கும் தொழிலில் தேர்ந்தவரான வெர்னர் ஷ்லூட்டர் என்பவர், ஒரு கால் பசைக்குள் புதைந்திருக்க மறுகால் டைலின் விளிம்பைக் காக்கும்படி வளைத்த ஓர் உலோகப் பட்டையை 1975-இல் ஏற்படுத்தினார். இன்று நம் கடைகளில் அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் கிடைக்கும் பட்டைகள் எல்லாம் அதன் சந்ததிகளே. யோசனை உயர்ந்தது, ஆனால் நம் ஊரில் அதைத் தங்க முலாம் நிறத்தில் வாங்கி, தேவையுள்ள இடத்திலும் தேவையற்ற இடத்திலும் ஒட்டி, வீட்டை நகைக்கடையாக்கிவிடும் ருசியை நான் மெச்சுவதற்கில்லை. மங்கிய எவர்சில்வர் பட்டையோ, தரையின் நிறத்தை ஒட்டிய கிரானைட் பட்டையோ போதும். படிகளின் விளிம்பில் இரண்டு டைல்களை நாற்பத்தைந்து டிகிரியில் சீவிக் கூர்மையாகச் சேர்ப்பதும் அப்படியொரு வீண் சாமர்த்தியம். புதிதில் வெகு அழகாக இருக்கும் அந்தக் கூர்மை, ஒரு பாத்திரம் விழுந்தால் சில்லாகிவிடும், மேற்பரப்பில் மட்டுமே வர்ணம் அச்சிட்ட டைலாக இருந்தால் உள்ளிருக்கும் வேறு நிறமும் வெளிப்படும். படிக்கு உருட்டிய விளிம்புள்ள கிரானைட்டுக்கு இணையானதை நான் இன்னும் பார்க்கவில்லை.

பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. பின்புறத்தில் ஓர் அறை கூட்டிக் கட்டும்போது, முன்கூடத்து மொசைக்குக்குப் பொருத்தமாக, மொசைக்போல அச்சிட்ட டைலைத் தேடி அலைகிறார்கள். அகப்படுவது ஒருபோதும் அதே நிறமாக இராது; ஒரே ஆலையில், ஒரே பெயரில் வந்த டைலிலும் பெட்டிக்குப் பெட்டி நிறச்சாயல் மாறுவதால்தான் பெட்டிமேல் அதற்கென்று ஓர் எண்ணைப் போடுகிறார்கள். ஏறத்தாழ ஒத்துப் போகிற இரண்டு தரைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், பார்ப்பவன் மனம் அந்தச் சிறிய வித்தியாசத்திலேயே போய் நிற்கும். அதற்குப் பதில், பழைய மொசைக்கைத் தேய்த்து மெருகு போடச் செய்து, நடுவே நான்கு அங்குலக் கறுப்புக் கடப்பைக் கல்லோ கிரானைட்டோ குறுக்கே பதித்து, அதற்கப்பால் முற்றிலும் வேறான ஒரு தரையைத் தொடங்கினால், இரண்டும் தத்தம் காலத்துக்கு உரியவையாக நிற்கும். ஐம்பது வருஷம் உழைத்த மொசைக்கையும், கால் பட்டுப் பட்டுப் பளபளத்த காவித் தரையையும், ஓரத்தில் உண்டான நாலு வெடிப்புக்காக முழுவதும் பெயர்த்தெறியும் வீடுகளைக் காணும்போது, அந்தச் செலவில் பாதியை வாசல்களுக்கும் விளிம்புகளுக்கும் கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

கொத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். தரை வேலைக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. ஸ்கர்ட்டிங்குக்கு மட்டும் நீள அடிக் கணக்கில் தனியாக ஏதோ கொடுப்பார்கள். வாசல் பட்டை, நிலைக்காலைச் சுற்றிய வெட்டு, வடிகால் மூடியைச் சுற்றிய வெட்டு, படியின் விளிம்பு ஆகிய யாவும் அந்தச் சதுர அடிக்குள்ளேயே அடக்கம். ஒரு நிலைக்காலின் வளைவு நெளிவுகளை அட்டையில் படியெடுத்து, கட்டரால் மெல்லச் சீவி, சரிபார்த்து, மறுபடியும் சீவிப் பொருத்துகிற நேரத்தில், நடுக் கூடத்தில் நான்கைந்து டைல்களைப் பாவிவிடலாம். பொருத்தும் துண்டின் பரப்போ கால் சதுர அடிகூட இராது. நேர்மையாக வேலை செய்தால் நஷ்டம், அவசரமாக வெட்டிச் சந்தில் வெள்ளைச் சிமெண்டை அப்பினால் லாபம் என்று நாமே ஒரு விலைப்பட்டியல் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறோம். சட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, துணியின் கஜத்துக்கு மட்டுமே கூலி, கழுத்துப் பட்டைக்கும் பொத்தான் துளைக்கும் கூலி கிடையாது என்று சொல்வோமானால், எந்தத் தையற்காரர் கழுத்தைக் கவனிப்பார்?

ஆகையால் என் யோசனை இதுதான். தரை வேலைக்கான ஒப்பந்தத்தில், ஓரங்களுக்குத் தனித் தனியாகக் கூலி பேசுங்கள்: ஒரு வாசலுக்கு இவ்வளவு, ஒரு நிலைக்கால் வெட்டுக்கு இவ்வளவு, ஒரு படி விளிம்புக்கு இவ்வளவு என்று. நடுத்தரைக்குக் கொடுக்கும் விகிதத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் மேஸ்திரி ஆட்சேபிக்க மாட்டார். தம் கைத்திறனுக்கு மதிப்பு வைக்கப்பட்டது என்பதே அவருக்கு ஒரு திருப்தி. டைல் வாங்குவதற்கு முன்னால், டியூப் லெவலைக் கொண்டு வீடு முழுவதும் சுவர்களில் ஒரே மட்டமாக மூன்றடி உயரத்தில் ஒரு கோடு போடச் சொல்லி, ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கோட்டிலிருந்து தரைவரை அளந்து எழுதிக் கொள்ளுங்கள். எந்த அறை எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துபோய், எந்தக் கனமுள்ள கல்லை எங்கே வாங்கலாம் என்பதும் பாதி நிச்சயமாகிவிடும். அப்புறம், டைலை ஒட்டுவதற்கு முன்பு, சும்மா பரப்பி, முழு டைல்கள் வாசலில் வந்து விழுகின்றனவா, வெட்டுத் துண்டுகள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் போய் ஒதுங்குகின்றனவா என்று ஒருமுறை நடந்து பார்த்துக் கொள்ளலாம். மரநிலையைச் சுற்றி டைலை வெட்டுவதைவிட, நிலைக்காலின் அடியையே டைலின் கனத்துக்கு ரம்பத்தால் அறுத்து, டைலை அதற்கடியில் நுழைத்துவிடுவது எவ்வளவோ மேலானது. தச்சரும் மேஸ்திரியும் ஒரே நாளில் வேலைக்கு வந்தால்தான் இது சாத்தியம் என்பதால், வர வேண்டிய நாளையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கதவுகளின் விஷயமும் அந்த ஒப்பந்தக் காகிதத்தில் ஏற வேண்டும். தரை உயர்ந்த பிறகு கதவின் அடியை இழைப்பது யார் பொறுப்பு என்று மேஸ்திரி தச்சரைக் காட்டுவார், தச்சர் மேஸ்திரியைக் காட்டுவார். கடைசியில் யாரோ ஒருவர் கதவை மாட்டியபடியே வைத்துக் கொண்டு கிரைண்டரால் அடியைச் சீவிவிட்டுப் போவார். தரையைப் பாவுவதற்காகக் கதவுகளைக் கழற்றுகிற நாளிலேயே, ஏறப் போகிற உயரத்தைத் தச்சரிடம் சொல்லி, அடியை ஒழுங்காக இழைத்து, இழைத்த வெறும் மரத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷும் கொடுக்கச் சொல்ல வேண்டும். தினந்தோறும் தரையைத் துடைக்கும் ஈரத் துணியை முதலில் சந்திப்பது கதவின் அந்த அடிப்பக்கந்தான்.